ஷாங்க்3 குறைபாட்டுக்கு ஜிங்க் மாத்திரை உதவுமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கை கால்கள் தளர்வாக இருக்கின்றன. மைக்ரோஅரே பரிசோதனை செய்ததில், 22ஆம் குரோமோசோமின் நுனியில் ஒரு துண்டு இல்லை, ஷாங்க்3 மரபணுவும் அதோடு போய்விட்டது என்று வந்திருக்கிறது. மூளையில் ஒரு சாரப் புரதம் குறைவு என்றார்கள். அந்தப் புரதம் வேலை செய்ய ஜிங்க் வேண்டும், மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்கிறார் ஓர் உறவினர். கொடுக்கலாமா? அடுத்த குழந்தைக்கும் இது வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், அம்மா. உறவினர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி புரிய, அந்தப் புரதம் மூளையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. ஒரு செல் குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை வெளிவிடும். எதிர்ச் செல்லின் சவ்வில் இருக்கும் ஆம்பா, என்எம்டிஏ என்ற ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஏற்பிகள் சவ்வில் நகர்ந்து திரியக்கூடியவை. அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்திவைப்பதுதான், கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, சவ்வுக்கு அடியில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் புரதக் கூட்டம். இவைதான் சாரப் புரதங்கள்.

மேலடுக்கில் இருப்பது பிஎஸ்டி-95 என்ற புரதம். ஒரு சினாப்ஸில் சராசரியாக 300 மூலக்கூறுகள் வரை இருக்கும். அதன் ஒரு முனை கொழுப்பு அமிலத்தின் உதவியால் சவ்வில் ஒட்டியிருக்கும். என்எம்டிஏ ஏற்பியின் வாலை அது நேரடியாகப் பிடிக்கிறது. ஆம்பா ஏற்பியை ஸ்டார்கேசின் போன்ற துணைப் புரதம் வழியாகப் பிடிக்கிறது. பிஎஸ்டி-95இன் மறுமுனை சாபாப் என்ற புரதத்தோடு சேர்கிறது. சாபாப் கீழே ஷாங்க் புரதத்தைப் பிடிக்கிறது. ஷாங்க்3 மரபணு உண்டாக்குவது இந்த வகைப் புரதத்தைத்தான். ஷாங்க்கும் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கும் ஹோமர் என்ற புரதமும் பின்னி ஒரு வலை உண்டாகிறது. அந்த வலை, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளோடு இணைகிறது. பிஎஸ்டி-95 சவ்வுக்கு அருகிலும் ஷாங்க், ஹோமர் அதைவிட ஆழத்திலும் இருப்பதை 2010இல் மீநுண் ஒளி நுண்ணோக்கியால் மூளைத் திசுவிலேயே அளந்து காட்டினார்கள்.

ஷாங்க்3 புரதங்களின் கடைசிப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி விரிப்புபோலப் பரவும். அந்த ஒட்டுதலுக்கு ஜிங்க் உதவுகிறது. உறவினர் சொன்னதில் உண்மை இதுதான். ஆனால் உங்கள் மகளுக்கு இருக்கும் குறை ஜிங்க் அல்ல. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாததால் அந்தப் புரதமே போதிய அளவு உண்டாவதில்லை. ஷாங்க்3 குறைபாடுள்ள எலிகளுக்கு ஜிங்க் அதிகமுள்ள உணவு கொடுத்தபோது சில நடத்தைகள் மேம்பட்டன. குழந்தைகளில் இது சிகிச்சையாக நிரூபிக்கப்படவில்லை. 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம்தான் மேல் வரம்பு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் 20 மில்லிகிராம் மாத்திரை அதிகபட்சம் 14 நாட்களுக்கானது. அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் உடலில் செம்பு குறையும், ரத்தசோகை வரும், நரம்புகளும் பாதிக்கப்படலாம். ரத்தத்தில் ஜிங்க் குறைவு என்று தெரிந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

2016இல் வெளியான ஓர் எலி ஆய்வை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வேன். அணைத்து வைத்திருந்த ஷாங்க்3 மரபணுவை எலிகள் வளர்ந்த பிறகு இயக்கினார்கள். மற்ற எலிகளோடு பழகுவது மேம்பட்டது. ஓயாமல் உடலைச் சுரண்டிக்கொள்வது குறைந்தது. பதற்றமும் உடல் அசைவின் ஒருங்கிணைப்பும் மாறவில்லை. முன்பே இயக்கியபோது அவற்றிலும் பலன் கிடைத்தது. இந்தப் புரத அடுக்கு ஒருமுறை அமைந்து இறுகிப்போவதல்ல. அதன் மூலக்கூறுகள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சு வரும் வரை காத்திருக்காமல் படங்களைக் காட்டி வேண்டியதைக் கேட்கவும் பழக்குங்கள்.

இந்தக் குறைபாட்டுக்குப் பெலன்–மெக்டெர்மிட் நோய்க்குறி என்று பெயர். இதில் வலி உணர்வு குறைவாக இருக்கலாம். குழந்தை அழவில்லை என்பதால் அடி படவில்லை, காது வலிக்கவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். வியர்வை குறைந்து உடல் சூடேறவும் கூடும். வெயில் காலத்தில் கவனம் தேவை. சிறுநீரகத்தை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். கண் நிலைகுத்தினாலோ திடீரென்று உறைந்து நின்றாலோ மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுக்க வேண்டும். இன்னொன்று, மைக்ரோஅரே துண்டு இல்லாததைக் காட்டும். அந்தக் குரோமோசோம் வளையமாகிவிட்டதா என்று காட்டாது. அதற்கு, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்ய வேண்டும். வளையமாக இருந்தால் பிற்காலத்தில் நரம்புக் கட்டிகள் வரும் வாய்ப்பு கூடுதல். தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த குழந்தை பற்றி: பெரும்பாலான குழந்தைகளில் இந்தக் குறை புதிதாக ஏற்பட்டது, பெற்றோரிடம் இருப்பதில்லை. அப்போது மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். ஆனால் பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால் அது பல மடங்கு கூடும். அப்படிப்பட்டவர் முழு ஆரோக்கியமாகவே இருப்பார், வெளியே தெரியாது. ஆகவே நீங்களும் உங்கள் கணவரும் மரபியல் மருத்துவரிடம் சென்று, கேரியோடைப்பும் 22ஆம் குரோமோசோமின் நுனி எங்கே இருக்கிறது என்று ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கர்ப்பம் தரித்தால் 11 வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவிலும், 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலும் சோதிக்க முடியும். எதைத் தேட வேண்டும் என்பதை அந்த மருத்துவருக்கு உங்கள் மகளின் அறிக்கைதான் சொல்லும். போகும்போது மறக்காமல் அதை எடுத்துச் செல்லுங்கள்.