வெளிநாட்டுக்குப் போகாமலேயே இன்டர்நேஷனல் ரோமிங் கட்டணம் வருமா? தனுஷ்கோடி போய் வந்த பிறகு போஸ்ட்பெய்ட் பில் எகிறியிருக்கிறது, என்ன செய்வது?

வரும். நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. போன் எந்த நாட்டு டவரில் பதிவானது என்பதுதான் கணக்கு. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. நடுவே மலையோ கட்டடமோ கிடையாது, வெறும் தண்ணீர். பழைய 2ஜி டவரிலேயே ஒரு போன் சாதாரணமாக 35 கி.மீ. வரை இணைய முடியும். 4ஜி அதற்கும் மேல் போகும். கடல் மேல் ஈரக்காற்று அடுக்கடுக்காகப் படியும் நேரங்களில் சிக்னல் மேலே சிதறிப் போகாமல் நீர்மட்டத்தை ஒட்டியே வளைந்து வெகுதூரம் வரும். அதனால் ஒரு நாள் அங்கே இலங்கை சிக்னல் எட்டிப் பார்க்காது, மறுநாள் முழுப் புள்ளியும் காட்டும். கோடியக்கரையிலும் இதே கதைதான். எதிர்க்கரையில் தலைமன்னார், நெடுந்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்திய சிக்னல் வந்து இதே தொல்லை.

போன் அதிக சிக்னல் உள்ள கம்பெனியைப் பார்த்துத் தாவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சொந்தக் கம்பெனியின் சிக்னல் கொஞ்சமாவது இருந்தால் அதிலேயேதான் இருக்கும். அது அறவே போன பிறகுதான் வேறொன்றைத் தேடும். தனுஷ்கோடிச் சாலையில் நம் டவர்கள் குறைவு, இடையிடையே சிக்னல் விழும். அந்த ஒரு நிமிட இடைவெளியில் ரோமிங் ஒப்பந்தம் உள்ள இலங்கைக் கம்பெனி கிடைத்தால் போன் அங்கே பதிவாகிவிடும்.

உண்மையான வம்பு அதற்குப் பிறகு. வேறு நாட்டு நெட்வொர்க்கில் பதிவான போன், அந்த சிக்னல் இருக்கும்வரை நம் நெட்வொர்க்கை மும்முரமாகத் தேடாது. அவ்வப்போது மேலான நெட்வொர்க் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் அந்தத் தேடல், தான் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் நாட்டின் கம்பெனிகளுக்குள்ளேயே நடக்கும்படித்தான் மொபைல் போன்களுக்கான சர்வதேசத் தர விதி எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரின் பேட்டரி வீணாகக் கூடாது என்பதற்காக வைத்த விதி, எல்லையோரத்தில் நம்மைக் கடிக்கிறது. அதனால் நம் சிக்னல் திரும்பி வந்த பிறகும் போன் நெடுநேரம் இலங்கை டவரிலேயே கிடக்கலாம்.

ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி நேரம் ஆகும். திரும்ப ஆன் ஆகும்போது பல போன்கள் கடைசியாக இருந்த நெட்வொர்க்கையே முதலில் தேடுவதால், மறுபடி அங்கேயே போய் உட்காரவும் வாய்ப்புண்டு. உறுதியான வழி, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுப்பது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், தானாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அணைக்கவும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ் என்று உள்ளே போக வேண்டும். ஐபோனில் மொபைல் சர்வீஸ் பகுதியில் நெட்வொர்க் செலக்‌ஷன். பட்டியல் வர ஓரிரு நிமிடம் ஆகும், அவசரப்பட்டு வெளியே வரவேண்டாம். பட்டியலில் உங்கள் கம்பெனியைத் தொட்டுவிட்டால் போதும், அதன் சிக்னல் போனால் 'நோ சர்வீஸ்' காட்டுமே தவிர கடல் தாண்டாது. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டேட்டாவுக்கு வைத்திருக்கும் சிம்மை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஊர் திரும்பியதும் தானியங்கித் தேர்வை மறுபடி ஆன் செய்யுங்கள்.

போன் தாவியதை எப்படித் தெரிந்துகொள்வது? பல எல்லைகளில் கடிகாரமே காட்டிக்கொடுக்கும். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, அதனால் சிங்கப்பூரின் தென்கரையில் நிற்கும்போது கடிகாரம் திடீரென ஒரு மணி பின்னால் போனால் போன் பாத்தாம் டவருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், ஆகவே இங்கே அந்த அடையாளம் கிடையாது. சிக்னல் புள்ளிகளுக்குப் பக்கத்தில் 'ஆர்' எழுத்து, மேலிருந்து திரையை இழுத்தால் டயலாக், மொபிடெல் போன்ற இலங்கைக் கம்பெனியின் பெயர், வரவேற்பு எஸ்எம்எஸ், இவை மூன்றுதான் துப்பு. 'ஆர்' மட்டும் தெரிந்து பெயர் இந்தியக் கம்பெனியாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது உள்நாட்டு ரோமிங். புயல் நேரத்தில் ஒரு கம்பெனி டவர் விழுந்தால் இன்னொரு கம்பெனி டவரில் இணைய அனுமதி கொடுப்பார்கள், அப்போதும் இப்படித் தெரியும்.

"நான் டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணித்தானே வைத்திருந்தேன்" என்று கேட்பீர்கள். அது டேட்டாவை மட்டும்தான் தடுக்கும். கால், எஸ்எம்எஸ் இரண்டுக்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. ரோமிங்கில் வருகிற காலை எடுத்தாலும் காசு. யுபிஐ ஆப்பை மறுபதிவு செய்தால் அது பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், ஐபோன் தன் மெசேஜ் சேவையான ஐமெசேஜைச் செயல்படுத்தும்போதும் வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். நீங்களாக எஸ்எம்எஸ் எதையும் அனுப்பாமலேயே பில்லில் ஒரு எஸ்எம்எஸ் இருப்பதற்கு இவை காரணமாக இருக்கலாம். எடுக்காத காலை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் இன்னும் மோசம். கால் இலங்கை வரை போய், அங்கிருந்து திரும்பி இந்தியாவுக்கு வரும். போன வழிக்கும் வந்த வழிக்கும் கணக்கு எழுதப்படலாம்.

டேட்டா பொத்தான் ஆனில் இருந்திருந்தால் தொகை எங்கே போகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பேக் இல்லாத ரோமிங்கில் ஒரு எம்பிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் எடுத்த பத்துப் படங்களை கூகுள் போட்டோஸ் தானாக மேலேற்றினால் சுமார் 40 எம்பி. 4,000 ரூபாய் முடிந்தது. சில பிளான்களில் முதல் கேபி போனவுடனேயே ஒரு நாள் பேக் தானாக ஏறிவிடும். இது முந்தையதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் கேட்காத செலவுதான்.

இதற்கெல்லாம் ஆணிவேர் ஒன்று உண்டு. சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் வசதியே திறந்திருக்காவிட்டால் இலங்கை நெட்வொர்க் உங்களைப் பதிவு செய்யாது. பிரீபெய்டில் பெரும்பாலும் பேக் போடாமல் அது திறக்காது. போஸ்ட்பெய்டில்தான் சிக்கல். முன்பு எப்போதோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக ஆன் செய்தது அப்படியே கிடக்கும். கம்பெனி ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங் என்று தேடி அணையுங்கள், அல்லது கஸ்டமர் கேரில் சொல்லி நிறுத்தி, நிறுத்தியதற்கான எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்திருங்கள். இதை மட்டும் செய்தாலே மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. பொத்தானை அணைப்பதைவிடக் கணக்கில் அணைப்பதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

கடலோரத்தில் இருப்பவர்களும் படகில் போகிறவர்களும் இதை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். அவசர எண் எந்த டவர் வழியாகப் போகிறதோ, அந்த நாட்டுக்குத்தான் போய்ச் சேரும். இலங்கை டவரில் இருக்கும் போனிலிருந்து 112 அடித்தால் ராமநாதபுரம் போலீஸ் எடுக்கமாட்டார்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் நம் நாட்டுக் குறுஎண்கள், வெளிநாட்டு நெட்வொர்க்கில் அவற்றை நம்ப முடியாது. காசுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது நெட்வொர்க் பெயரைப் பாருங்கள். படகில் விஎச்எஃப் ரேடியோ கருவி இருந்தால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல்தான் முதல் வழி.

உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் போகும் சொகுசுக் கப்பலும் இதே வகைதான். நடுக்கடலில் கப்பலுக்குள் இருக்கும் குட்டி டவர் எந்த நாட்டையும் சேராத தனி நெட்வொர்க், சாதாரண ரோமிங் பேக் பலவற்றில் அது அடங்காது. கப்பல் கரையை விட்டதும் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் பில். முதலில் விவரப் பட்டியலுடன் கூடிய ஐடமைஸ்டு பில் கேளுங்கள். ரோமிங் வரிகள் ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், எந்த வெளிநாட்டு நெட்வொர்க் என்பது இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனி கணக்கை அனுப்பத் தாமதமானால் அடுத்த மாத பில்லிலும் சில வரிகள் வரலாம், அதையும் பாருங்கள். அதே தேதியில் நீங்கள் இந்தியாவில் இருந்ததற்குச் சான்று திரட்டுங்கள்: ராமேஸ்வரத்தில் தங்கிய ரசீது, பாஸ்டேக் டோல் பதிவு, கடையில் யுபிஐ கட்டியது, இடக்குறிப்புடன் கூடிய போட்டோ, அந்த நாளில் குடியேற்ற முத்திரை இல்லாத பாஸ்போர்ட் பக்கங்கள். போட்டோவின் நேரமும் பில் வரியின் நேரமும் அரை மணிக்குள் ஒத்துப்போனால் அதைவிட வலுவான சான்று வேண்டாம்.

கம்பெனியின் புகார் எண்ணான 198க்கு அழைத்து, "இந்திய எல்லைக்குள் இருந்தபோது தவறுதலாக வெளிநாட்டு நெட்வொர்க்கில் இணைந்தது, கட்டணத்தை ரத்து செய்யுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். பில் அதிகம் என்று மட்டும் சொன்னால் பிளான் விவரத்தைப் படித்துக் காட்டி வைத்துவிடுவார்கள். புகாரைப் பதிந்ததற்கான டாக்கெட் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். சர்ச்சை இல்லாத பகுதியைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், மீதியை எழுத்தில் மறுத்து மெயில் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுவதில் பயனில்லை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை.

அதற்கும் மேலே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை.