50 வயதுவரை துணை வேடங்களிலேயே இருந்த நடிகர் யாராவது அதற்குப் பிறகு உச்சத்துக்கு வந்திருக்கிறார்களா?

இதை நீங்கள் வினாடி வினாவுக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நாற்பதைத் தொட்டிருப்பீர்கள், வீட்டில் யாரோ "இனி என்னத்துக்கு" என்று சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படிச் சொன்னார்கள். அதனால்தான் படுக்கப் போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பதில் பிரிட்டிஷ் நடிகர் நைஜல் ஹாத்தோர்ன். "யெஸ் மினிஸ்டர்" நகைச்சுவைத் தொடரில் அமைச்சரைப் பேசியே மடக்கும் உயர் அதிகாரி சர் ஹம்ப்ரி ஆப்பிள்பியாக வந்தவர் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். பிபிசியில் அந்தத் தொடர் 1980 பிப்ரவரியில் தொடங்கியபோது அவருக்கு 51 ஆக இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

1929இல் கவென்ட்ரியில் பிறந்து, சின்ன வயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போன டாக்டர் வீட்டுப் பிள்ளை. கேப் டவுனில் 1950இல் தொழில்முறையாக மேடையேறி, அடுத்த வருடமே லண்டனுக்கு வந்தார். லண்டன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெறுத்துப்போய்த் தென்னாப்பிரிக்காவுக்கே போனார், அறுபதுகளில் மறுபடி வந்தார். இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழு, ராயல் கோர்ட் அரங்கில் எட்வர்ட் பாண்டின் நாடகங்கள் என்று கிடைத்ததைச் செய்தார். தொலைக்காட்சியில் "டாட்ஸ் ஆர்மி"யின் ஒரு பகுதியில் சைக்கிளில் வந்து கோபப்பட்டுவிட்டுப் போகும் ஆள். "யங் வின்ஸ்டன்" படத்தில் ஒரு காவல்காரன். 1977இல், 48 வயதில், "பிரைவேட்ஸ் ஆன் பரேட்" நாடகத்துக்கு விருது கிடைத்தது. அதுவும் துணை நடிகருக்கான விருதுதான்.

பொறுமையின் சிகரம் என்று அவரை யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். இடையில் ஊருக்கே ஓடிப்போன மனிதர் அவர். அந்த முப்பது வருடத்தில் அவர் செய்ததெல்லாம் வேலை. சர் ஹம்ப்ரியின் ஒரு நீண்ட வசனத்தைப் பாருங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. அவசரமே இல்லாமல், அமைச்சரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், துணை வாக்கியத்துக்குள் இன்னொரு துணை வாக்கியமாக இறங்கிக்கொண்டே போய், கடைசியில் வினைச்சொல்லைக் கொண்டுவந்து கச்சிதமாக வைப்பார். ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர், தடுக்கினால் அத்தனை பேர் முன்னாலும் தடுக்கவேண்டும். 25 வயதுப் பெடியனிடம் அதைக் கொடுத்திருந்தால் நடுவில் செத்திருப்பான்.

அந்தப் பாத்திரத்துக்காக நாலு தடவை பாஃப்டா, அதாவது பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி விருது, வாங்கினார். அமைச்சராக நடித்த பால் எடிங்டனும் அந்த நாலு தடவையும் அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, நாலு தடவையும் கூட நடித்தவரிடமே தோற்றார். வசனம் பேசுபவரைவிட அதைக் கேட்டு முழிப்பவருக்குத்தான் வேலை கஷ்டம் என்பது என் கட்சி. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து துளை வழியாகக் காசு வாங்கவேண்டும். அங்கே வருபவர்கள் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். சர் ஹம்ப்ரி பேசியது முழுதாக விளங்கியது! கூட இருந்த பெடியன்களுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமே இல்லை. என் அப்பா கச்சேரியில் எழுதுவினைஞர் (இந்திய வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாட்டில்லை, மாவட்ட அரசாங்க அலுவலகம்). வெள்ளைக்காரன் விட்டுப்போன நடையில் அப்பா எழுதும் கடிதங்கள் ஒரு விண்ணப்பத்தை மறுக்க அரைப்பக்கம் எடுக்கும், அதில் மறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். ஹாத்தோர்ன் வாயைத் திறந்தால் எனக்கு எங்கள் வீட்டு விறாந்தை.

பிறகு 1992இல் அவர் நேஷனல் தியேட்டரில் அரசராக நடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆலன் பெனட் எழுதி நிக்கலஸ் ஹைட்னர் இயக்கிய "தி மேட்னஸ் ஆஃப் ஜார்ஜ் தி தேர்ட்". இரவு வேலை முடித்து நேரே தேம்ஸ் தென்கரைக்குப் போய், வரிசையில் நின்று அன்றைய மலிவு டிக்கெட் வாங்கினேன். அரங்கில் நித்திரை கொண்டுவிடுவேனோ என்று பயம், இரண்டு கோப்பி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

கோட்டும் டையுமாய்க் கசங்காமல் நின்ற மனிதரைத்தான் எனக்குத் தெரியும். இங்கே அவர் படுக்கைச் சட்டையோடு, வெறுங்காலோடு, நிறுத்தாமல் உளறிக்கொண்டு ஓடுகிறார். 1788இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்த கதை. முதல் பாதியின் முடிவில் வைத்தியர் அவரைக் கதிரையில் வைத்து வாரால் கட்டுகிறார். அந்த நேரத்தில் முடிசூட்டு விழாவுக்காக ஹாண்டல் எழுதிய இசை முழங்குகிறது. பேசிப் பேசியே மற்றவர்களை மடக்கும் அந்தக் குரலுக்கு வாய்க்கட்டு. இடைவேளையில் நான் எழும்பவில்லை.

அந்தக் காலத்தில் நான் கணக்கியல் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், வயது நாற்பதுக்குக் கிட்ட. ஊரில் எனக்கிருந்த வேலை அனுபவத்தை இங்கே ஓர் அலுவலகமும் எண்ணிக்கையில் எடுக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. "மச்சான், பிள்ளையள் படிக்கிற வயதில நீர் சோதினை எழுதப் போறீரோ?" என்று மனைவியின் அண்ணன் சபையில் வைத்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நாடகம் பார்த்த வேகத்தில் படித்துப் பாஸானேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டு வாடகை நெருக்கியதால் படித்தேன். ஆனால் அன்று மேடையில் நின்றவருக்கு 60 தாண்டிவிட்டது என்பதை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. டிக்கெட்டில் ஏழரை என்று போட்டிருந்தார்கள், ஏழரைக்குத் திரை எழுந்தது. இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் நாடக விழாக்களுக்கு வந்து பாருங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், ஆளுக்கொரு பொன்னாடை. மண்டபத்தைப் பதினொரு மணிக்குப் பூட்டவேண்டும் என்பதால் கடைசியில் வெட்டு விழுவது நாடகத்துக்குத்தான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் ஒப்பனையோடு படிக்கட்டில் உட்கார்ந்து பாண் சாப்பிடுவதை நான் கண்டிருக்கிறேன். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், அடுத்த வருடமும் நான் அங்கே போகவேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உச்சத்துக்கு வந்த பிறகும் கதவு தானாகத் திறக்கவில்லை. "ஷேடோலேண்ட்ஸ்" நாடகத்தில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸாக நடித்து 1991இல் நியூயார்க்கின் பிராட்வேயில் டோனி நாடக விருதே வாங்கினார். அது படமானபோது வேடம் அந்தனி ஹாப்கின்ஸுக்குப் போனது. அதே 1993இல் ஹாத்தோர்ன் "டெமாலிஷன் மேன்" படத்தில் ஸ்டாலோனுக்கு வில்லனாக நின்றார். நல்லவேளை, ஜார்ஜ் மன்னர் படத்துக்கு அவரையே போடவேண்டும் என்று பெனட் பிடிவாதமாக நின்றார். 1994இல் படம் வந்தது, ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது. விருதை "ஃபாரஸ்ட் கம்ப்" படத்துக்காக டாம் ஹாங்க்ஸ் கொண்டுபோனார். அந்த நேரத்தில் பத்திரிகைகள் நடிப்பை விட்டுவிட்டு, ஹாத்தோர்ன் ஓர் ஆணோடு வாழ்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டன. அவர் தன் துணைவரைக் கூட்டிக்கொண்டே விழாவுக்குப் போனார்.

ஜார்ஜ் நாடகத்தில், குணமாகி வரும் மன்னர் ஷேக்ஸ்பியரின் "லியர் அரசன்" நாடகத்தை எடுத்து வாசிக்கும் ஒரு காட்சி உண்டு. 1999இல் ஹாத்தோர்ன் நிஜமாகவே லியராக வந்தார், வயது 70. இயக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த யூகியோ நினகாவா. அதையும் லண்டன் பார்பிக்கன் அரங்கில் பார்த்தேன். புயல் காட்சியில் மேலிருந்து பாறைகள் விழுந்தன, விமர்சகர்களும் அதற்குக் குறையாமல் எறிந்தார்கள். லியருக்கு ஆத்திரம் போதாது என்றார்கள். அது பொய்யில்லை, புயலில் அவர் குரல் எனக்கும் மெலிதாகத்தான் பட்டது. ஆனால் மகளிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அந்த மெலிவுதான் வேண்டியிருந்தது. 2001 டிசம்பரில் காலமானார்.

ஒருவர் வென்றதை வைத்து எல்லாரும் வெல்லலாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவரோடு அறுபதுகளில் மேடையில் நின்ற எத்தனையோ பேரின் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உண்டா என்று கேட்டீர்கள், உண்டு என்றேன்.

அப்புறம், "நடிகர் ஆலன் ரிக்மனை விட்டுவிட்டீர்களே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: அவர் "டை ஹார்ட்" படத்தில் வந்தபோது வயது 42தான், கேள்வி 50 பற்றியது. அதோடு அவர் நாடகப் பள்ளியில் படித்த காலத்தில் செலவுக்காக யாருக்கு உடை உதவியாளராக வேலை பார்த்தார் தெரியுமா? ஹாத்தோர்னுக்குத்தான்.