அம்மாவுக்கு இருமினாலே சலம் போகிறது. தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

குறைக்க வேண்டாம் தங்கச்சி. கசிவுக்குப் பயந்து அம்மா தண்ணீரே குடிக்கிறாரில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறும் நாளில் விடியக்காலைத் தேத்தண்ணியைக்கூடத் தொடமாட்டார். வன்னி வெயிலுக்கு அது சரிவராது. சலம் கடுமையாகிச் சலப்பையை உறுத்தும், இன்னும் அடிக்கடி முட்டும், சலக்கடுப்பும் வரும். மலச்சிக்கல் சேர்ந்தால் கசிவு கூடும். பகலில் பிரித்துப் பிரித்துக் குடிக்கட்டும். தேத்தண்ணியைக் குறைத்து, படுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தினால் போதும். (இருதய, சிறுநீரக வருத்தத்துக்கு டொக்டர் தண்ணீரை அளந்து தந்திருந்தால் அதுதான் கணக்கு.)

இருமல், தும்மல், பாரம் தூக்கும்போது மட்டும் போகிறதென்றால் பெரும்பாலும் சலப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசை தளர்ந்திருக்கும். பிள்ளைப்பேறும் மாதவிடாய் நின்றதும் முக்கிய காரணங்கள். வாயுவை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிறும் தொடையும் இறுகக்கூடாது. ஒரு தடவைக்கு 8, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். சலம் போகும்போது செய்து பழக வேண்டாம். என் அம்மாவுக்கு நன்றாகக் கைகொடுத்தது கிணற்றடியில்தான்: வாளியில் கை வைத்ததும் முதலில் தசையை இறுக்குவார், பிறகுதான் தூக்குவார். இருமல் வரும்போதும் அப்படியே.

முட்டியவுடன் ஓட வேண்டியிருந்தால் அது வேறு. போகும் நேரங்களைக் குறித்து, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். சீனி வருத்தமும் சில பிரஷர் மாத்திரைகளும் அடிக்கடி போகவைக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

கக்கூஸ் வளவு மூலையில் என்றால் இரவில் கட்டிலருகே ஒரு சட்டி வையுங்கள். இருட்டில் ஓடி விழுந்து இடுப்பு முறிந்தால் அது பெரிய துன்பம்.

"வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டால் முதலில் ஊர் மிட்வைப் அக்காவிடம் சொல்லட்டும். சலமும் சீனியும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஷெல்பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது, அவர்களுக்கு வேறு சிகிச்சை. சலத்தில் இரத்தம், நடுக்கத்தோடு காய்ச்சல், சலம் முற்றாக அடைத்தல், திடீரெனக் கால் மரத்தல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.