டெக்சஸில் கைத்துப்பாக்கி லைசன்ஸ்: 40 டாலர் கட்டும் முன்

டாலஸ், ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒரே விஷயமாகக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை ஏசி வாரண்டி, பழைய கார் பேரம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டேன். துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. விண்ணப்பம், செலவு, மாட்டிக்கொள்ளும் இடங்கள், இவ்வளவுதான். விசா சம்பந்தப்பட்டதை மட்டும் உங்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் கிரீன் கார்டு வந்தது. டெக்சஸில் 2021-லிருந்து லைசன்ஸே தேவையில்லை என்கிறார் ஆபீஸ் நண்பர். பிறகு எதற்கு எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசன்ஸ்? வீண் செலவுதானே? (ஃப்ரிஸ்கோ வாசகர்)

நண்பர் சொன்னது பாதிதான் சரி. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் 1996-லிருந்து நடந்துவரும் லைசன்ஸ் முறையை மாநிலம் எடுத்துவிடவில்லை. இப்போதும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, அதாவது டிபிஎஸ், கார்டு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் இருக்கிறது.

முதலாவது, பள்ளிக்கூடம். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்த மாநிலமே கொடுத்த லைசன்ஸ் கையில் இருந்தால் விலக்கு. இல்லையென்றால் குண்டுகளை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் பால் வாங்கக் கிளம்பினாலே இரண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. லைசன்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவர் டெக்சஸ் சட்டத்துக்குச் சரியாகவும் டெல்லிக்கு நிகரான வாஷிங்டன் சட்டத்துக்குத் தப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். இந்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, பயணம். டெக்சஸ் கார்டைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. பக்கத்து நியூ மெக்சிகோவில் மறைத்து எடுத்துச் செல்ல லைசன்ஸ் வேண்டும், டெக்சஸ் கார்டு இருந்தால் அங்கே செல்லும். மூன்றாவது, கடையில் துப்பாக்கி வாங்கும்போது 4473 படிவத்தை எப்படியும் நிரப்ப வேண்டும் என்றாலும், எல்டிசி இருப்பவருக்குக் கடைக்காரர் எஃப்பிஐக்குக் கூப்பிட்டுச் சரிபார்க்கும் படி மிச்சம்.

வீட்டோடு வைத்துக்கொள்ள மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் கார்டு அவசியமில்லை. எடுத்துக்கொண்டு வெளியே போவதாக இருந்தால், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீட்டில், வாங்கிவிடுங்கள் என்பதே என் பதில்.

கேள்வி: ஒன்பது வருடமாக எச்-1பி. ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) கிடைத்துவிட்டது, கிரீன் கார்டுக்குத்தான் வரிசையில் நிற்கிறேன். வரி கட்டுகிறேன், வீடு சொந்தம், ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட வாங்கியதில்லை. விண்ணப்பிக்கலாமா? வேட்டை லைசன்ஸ் எடுத்தால் போதும் என்கிறார்களே? (இர்விங் வாசகர்)

வீடு, வரி, நன்னடத்தை எதுவும் இங்கே கணக்கில் வராது. வேலைக்கான எச்-1பி, குடும்பத்துக்கான எச்-4, மாணவருக்கான எஃப்-1, விசிட்டருக்கான பி-2 எல்லாமே குடியேற்றம் அல்லாத விசா. அந்த விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருக்கவே கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டத்தின் 922-வது பிரிவு. 2022-லிருந்து இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. ஐ-140 கிடைத்ததால் இதில் எந்த மாற்றமும் இல்லை.

வேட்டை லைசன்ஸ் கதை கட்டுக்கதை அல்ல. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பவருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. டெக்சஸில் குடியிருப்பவருக்கு அது 25 டாலர், வால்மார்ட்டிலேயே போட்டுக் கொடுப்பார்கள். அதைக் காட்டி 4473 நிரப்பித் துப்பாக்கி வாங்கியவர்கள் உண்டு.

சிக்கல் எங்கே தெரியுமா? நீங்கள் எப்போது வாங்கினாலும் டெக்சஸ் வேட்டை லைசன்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நீங்கள் சென்னையில் தங்கை கல்யாணத்தில் இருக்கிறீர்கள், புதுப்பிக்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். செப்டம்பர் 1 காலையில் உங்கள் இர்விங் வீட்டு அலமாரியில் இருப்பது குற்றத்துக்கான தடயம். யாரும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள். அதோடு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட தண்டனை கிடைத்தால் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்த அதுவே தனிக் காரணம். இது கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் பொருந்தும். பத்து வருடக் காத்திருப்பை 25 டாலர் காகிதத்தை நம்பி அடகு வைக்க வேண்டாம். கிரீன் கார்டு வரட்டும்.

கேள்வி: அப்பா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். ஷூட்டிங் ரேஞ்சுக்கு ஒருமுறை அழைத்துப்போக ஆசை. வாங்கப்போவதில்லை, சுடுவதோடு சரி. (கேட்டி வாசகி)

ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் 'வைத்திருப்பது'தான். மேலே சொன்ன வேட்டை லைசன்ஸ் இல்லாமல் அவர் சுடக்கூடாது. கவுன்டரில் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்தக் கேள்வி இருந்தால் பொய் எழுத வேண்டாம். வெளிநாட்டுப் பயணி எடுக்கும் வேட்டை லைசன்ஸ் உள்ளூர்க்காரர் விலைக்குக் கிடைக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவை நாசாவுக்கு அழைத்துப் போங்கள், கேட்டியிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு? தேர்வு கஷ்டமா? இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. (சுகர் லேண்ட் வாசகர், அமெரிக்கக் குடிமகன்)

அரசுக் கட்டணம் 40 டாலர். 2017 வரை 140 டாலராக இருந்தது. நிராகரித்தாலும் திருப்பித் தரமாட்டார்கள், அதனால் தகுதியை முதலில் பாருங்கள். கடைசி 5 ஆண்டுகளில் கிளாஸ் ஏ, கிளாஸ் பி எனும் சிறு குற்ற வகைகளில் தண்டனை இருக்கக்கூடாது. முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும் கிளாஸ் பி-யில்தான் வரும். 'கேஸ் முடிந்துவிட்டது, தண்டனை இல்லை' என்று நினைத்திருக்கும் டெஃபர்டு அட்ஜுடிகேஷனையும் (தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவது) இந்த லைசன்ஸுக்குத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச பாக்கி, மாநில வரி பாக்கி இருந்தாலும் கிடைக்காது.

விண்ணப்பத்தை டிபிஎஸ் தளத்தில் போட வேண்டும். கைரேகைக்குத் தனியாகச் சுமார் 10 டாலர், நேரம் பதிந்துகொண்டு மையத்துக்குப் போக வேண்டும். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். அதை ஆன்லைனில் முடிக்கலாம், ஆனால் சுட்டுக் காட்டும் பகுதிக்கு நேரில்தான் போயாக வேண்டும். இரண்டும் முடிந்ததும் பயிற்றுநர் சான்றிதழ் தருவார், அதை ஏற்றிவிட்டால் 60 நாளுக்குள் டிபிஎஸ் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். வகுப்புக் கட்டணத்துக்கு அரசு விலை கிடையாது, பயிற்றுநர் சொல்வதுதான். போனில் கேட்கும்போது ரேஞ்ச் கட்டணம், குண்டு, துப்பாக்கி வாடகை எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். மலிவான விளம்பரத்தில் பெரும்பாலும் இவை சேராது.

தேர்வு கடினமில்லை. மொத்தம் 50 குண்டு: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. முழு மதிப்பெண் 250, தேற 175. இலக்கு ஆளுயர உருவம். 3 கெஜம் என்பது ஒன்பது அடி, ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் உள்ள தூரம். பதற வைப்பது நேரம்தான். முதல் ஐந்து குண்டுகளுக்குத் தலா 2 விநாடி. விசில் கேட்டதும் கை இழுத்துக்கொள்ளும், குண்டு கீழே போய் விழும்.

புதியவர்கள் செய்யும் தப்பு, பாக்கெட்டில் அடங்கும் குட்டித் துப்பாக்கியோடு தேர்வுக்குப் போவது. பிடி சின்னது, உதை பலமாக இருக்கும், பத்தாவது குண்டிலேயே கை வலிக்கும். நடுத்தர அளவு 9 எம்எம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். தேர்வுக்கு முன் தனியாக ஒரு மணி நேரம் பயிற்றுநரோடு சுட்டுப் பழகுவதற்குக் கொடுக்கும் பணம்தான் இந்தச் செலவில் உருப்படியான செலவு. துப்பாக்கியை அதற்குப் பிறகு வாங்குங்கள், கைக்கு எது பொருந்துகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் கார்டு நாலு வருடம் முடிந்து அடுத்து வரும் பிறந்தநாள்வரை செல்லும். புதுப்பித்தால் 5 வருடம். அதற்கும் 40 டாலர்தான், மறுபடி வகுப்பு இல்லை.

கேள்வி: 'வீட்டிலிருந்தே 20 நிமிடத்தில் பர்மிட், முப்பது மாநிலங்களில் செல்லும்' என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். நம்பலாமா? (ராலே வாசகர்)

வேண்டாம். இப்படி விற்பது பெரும்பாலும் ஒரு வீடியோவும் சான்றிதழும்தான், பர்மிட் அல்ல. பர்மிட் தருவது அரசு மட்டுமே. வேறு மாநிலத்தின் வெளியூர்க்காரர் பர்மிட்டைக் கைகாட்டிவிடுவார்கள். அதை ஏற்காத மாநிலங்கள் உண்டு. நீங்கள் வட கரோலினாவில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தில்தான் விண்ணப்பம்.

கேள்வி: கார்டு வந்துவிட்டது. கோயிலுக்கு, தமிழ்ப் பள்ளிக்கு, ஆபீஸுக்கு எடுத்துப்போகலாமா? (பேர்லேண்ட் வாசகர்)

கோயில்: தனியாகத் தடை இல்லை, கோயில் நிர்வாகம் வேண்டாம் என்று அறிவித்தால் ஒழிய. அறிவிப்பு என்றால் டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவைச் சொல்லும் பலகை. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், ஓர் அங்குல உயர எழுத்தில், வாசலில் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும். மறைத்து வைத்திருப்பதற்கு 30.06, வெளியே தெரிய வைத்திருப்பதற்கு 30.07. வாயால் சொன்னாலும் அறிவிப்புத்தான். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தன்னார்வலர் வந்து சொன்னால் சட்டம் பேசிக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

தமிழ்ப் பள்ளி: ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடம் என்றால், அது பள்ளிக் கட்டடம்தான். கூடாது. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா உயர்நிலைப் பள்ளி ஆடிட்டோரியத்தில் நடந்தாலும் அப்படியே. பட்டுவேட்டிக்குள் எங்கே வைப்பீர்கள் என்பது வேறு கேள்வி.

ஆபீஸ்: நிர்வாகம் தடுக்கலாம். ஆனால் பூட்டிய காருக்குள் வைத்து ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்துவதை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, 2011-லிருந்து தடுக்க முடியாது. சிவப்பில் '51%' என்று எழுதிய பலகை உள்ள பாருக்குள் லைசன்ஸ் இருந்தாலும் போகக்கூடாது.

விமான நிலையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேப்டாப் பையில் இருப்பதை மறந்து செக்யூரிட்டி வரிசையில் நிற்பது டாலஸில் அடிக்கடி நடக்கிறது. எல்டிசி இருப்பவர், சொன்னவுடன் துப்பாக்கியோடு வெளியேறினால் டெக்சஸ் சட்டத்தில் தப்பிக்க வழி உண்டு. விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் டிஎஸ்ஏவின் அபராதத்திலிருந்து தப்ப முடியாது. அது 10,000 டாலரைத் தாண்டியும் போகலாம், விரைவுச் சோதனை வரிசைக்கான ப்ரீசெக் சலுகையும் போகும். துப்பாக்கிக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சித்தப்பா வீட்டு விசேஷம், காரிலேயே போகிறோம். டெக்சஸ் கார்டு செல்லுமா? (ஆஸ்டின் வாசகர்)

செல்லாது. நியூ ஜெர்சி, நியூ யார்க், இல்லினாய், கலிபோர்னியா நான்கும் டெக்சஸ் கார்டை ஏற்பதில்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம், 'உனக்கு என்ன விசேஷத் தேவை' என்று கேட்டு மறுத்துக்கொண்டிருந்த நியூ யார்க் முறையை ரத்து செய்தது உண்மை. ஆனால் பிற மாநில லைசன்ஸை ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் பர்மிட் இல்லாத கைத்துப்பாக்கிக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறை. குண்டுகளை எடுத்து, டிக்கியில் பூட்டிவைத்து மாநிலத்தைக் கடந்துபோக கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது கடந்துபோகிறவருக்கு. எடிசனில் இறங்கி ஒரு வாரம் தங்குகிறவருக்கு அல்ல. வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்படிப் பூட்டும்போது ஒன்று: 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி, குண்டு போட்ட துப்பாக்கியை வைத்து, அது அந்தப் பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் குற்றம். சாவியை பீரோ மேல் வைத்துவிட்டுப் போவது பூட்டியதாகாது.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒற்றைப் பெயர்தான். டிரைவிங் லைசன்ஸில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டு, அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். கிரீன் கார்டில் வேறு மாதிரி. இதனால் சிக்கல் வருமா? (ரவுண்ட் ராக் வாசகர்)

வரும். நம் ஆட்களில் பலர் தாமதமாவது குற்றப் பின்னணியால் அல்ல, இந்த இனிஷியலால்தான். முதலில் டிரைவிங் லைசன்ஸை கிரீன் கார்டோடு பொருந்தும்படி திருத்திக்கொள்ளுங்கள், துப்பாக்கி விண்ணப்பம் அதன் பிறகு. கைரேகை பதியும்போதும் எழுத்துக்கு எழுத்து அதே பெயரையே கொடுங்கள். முன்பு வேறு வடிவில் பெயர் இருந்தால் 'பிற பெயர்கள்' கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்; விட்டுவிட்டால் மறைத்த மாதிரி ஆகும். கடையில் வாங்கும்போது எஃப்பிஐ சரிபார்ப்பு ஒவ்வொரு முறையும் 'தாமதம்' என்றே வந்தால், எஃப்பிஐயின் விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பில் கைரேகையோடு விண்ணப்பியுங்கள். யூபின் என்று ஒரு எண் தருவார்கள். அடுத்தமுறை 4473-ல் அந்த எண்ணைப் போட்டால் அதே பெயரில் இருக்கும் வேறு யாரோ என்று உங்களை நிறுத்தி வைப்பது குறையும்.