புல்வெளியில் ஒரு போர்க்கப்பல்

அன்புள்ள ஐயா,

மினசோட்டாவிலிருந்து மேற்கே காரில் போகும் வழியில், சவுத் டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரப் பூங்காவில், அந்த மாநிலத்தின் பெயர் தாங்கிய 'சவுத் டகோட்டா' போர்க்கப்பலின் நினைவிடத்தைப் பார்த்தோம். கப்பல் இல்லை. புல்தரையில் கப்பல் வடிவத்தில் ஒரு தாழ்வான கான்கிரீட் சுவர்தான் ஓடுகிறது. அலபாமா மாநிலத்துக்காரர்கள் தங்கள் 'அலபாமா' போர்க்கப்பலை முழுசாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்களே, இவர்கள் ஏன் சுவரோடு நிறுத்திக்கொண்டார்கள்? கொன்று குவிக்கச் செய்த இயந்திரத்துக்கு நினைவுச்சின்னம் எதற்கு என்றும் தோன்றியது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'அலபாமா' கடலோர மொபைல் நகரில் நிற்கிறது. சூ ஃபால்ஸ் இருப்பதோ கண்டத்தின் நடுவே. முப்பத்தைந்தாயிரம் டன் கப்பல் அங்கே எந்த ஆற்றில் ஏறி வரும்? 1962இல் 'சவுத் டகோட்டா'வைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். மிஞ்சிய கொடிமரத்தையும் புரொப்பெல்லரையும் வைத்துக்கொண்டு, 680 அடி நீளத்தையும் அப்படியே தரையில் வரைந்து, 1969 செப்டம்பரில் நினைவிடத்தைத் திறந்தார்கள்.

எனக்கு அந்தச் சுவர் பிடிக்கும். பழைய கப்பலைத் தண்ணீரில் வைத்துக் காப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை; நினைவுச்சின்னமாக வைத்திருந்த 'டெக்சஸ்' போர்க்கப்பலின் அடிப்பாகம் துருப்பிடித்து நீர் கசிந்து, 2022இல் அதைக் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு இழுத்துப்போய்ப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. தவிர, முழுக் கப்பலில் ஏறினால் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் கை போகும். சுவருக்குள் நடப்பவருக்கு அந்த வசதி இல்லை. இவ்வளவு இடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் எப்படி இருந்தார்கள் என்ற யோசனைதான் வரும்.

அந்த ஆட்களுக்காகத்தான் நினைவுச்சின்னம் வேண்டும் என்கிறேன். கப்பலின் கதை சுத்தமான வீரகாவியம் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பர் 14 நள்ளிரவு, பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவருகே ஜப்பானியரோடு சண்டை உச்சத்தில் இருந்தபோது கப்பலில் மின்சாரம் போயிற்று. ரேடார், ரேடியோ எல்லாம் செத்துவிட்டன. எரிந்துகொண்டிருந்த மற்றக் கப்பல்களின் வெளிச்சத்தில் இதன் உருவம் எதிரிக்குப் பளிச்சென்று தெரிந்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கின. ஜப்பானியர் அத்தனை பேரும் இதன்மேல் குறியாக இருக்க, அவர்கள் கண்ணில் படாமல் நின்ற இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பலான 'வாஷிங்டன்' அவர்களுடைய 'கிரிஷிமா' போர்க்கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. தாய்நாட்டுப் பத்திரிகைகளோ தணிக்கைக்காகப் பெயரை மறைத்து, 'போர்க்கப்பல் எக்ஸ்' என்று 'சவுத் டகோட்டா'வைத்தான் கொண்டாடின. 'வாஷிங்டன்' மாலுமிகளுக்கு அந்த வயிற்றெரிச்சல் நியாயமானதுதான்.

அன்று இரவு அந்தக் கப்பலில் கால்வின் கிரஹாம் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இருந்தான். டெக்சஸ்காரன். தாயின் கையெழுத்தைத் தானே போட்டு, வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தவன். குண்டுச்சில் முகத்தைக் கிழித்த பிறகும் அடிபட்டவர்களை இழுத்துக் காப்பாற்றினான். பதக்கங்களும் கிடைத்தன. வயது வெளியே தெரிந்ததும் கடற்படை அவனை மூன்று மாதம் சிறையில் அடைத்து, பதக்கங்களைப் பறித்து, அவப்பெயரோடு வெளியேற்றியது. உயிர் போக இருந்த இடத்தில் யாரும் கேட்காத வயதைத் திரும்பி வந்த பிறகு கேட்டார்கள்.

கௌரவமான விடுவிப்பு 1978இல்தான் வந்தது. ஊனத்துக்கான உதவிக்கு 1988 வரை காத்திருந்தார். 1992இல் இறந்தார். காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை 1994இல் அவருடைய மனைவி கையில் கொடுத்தார்கள்.