வாசகர் கேள்வி: கடலோரத்தில் புதிய புனிதத் தலங்கள்

கேள்வி: எங்கள் கடற்கரையில் சில ஆண்டுகளாகப் புதிய கெபிகளும் (மாதா, புனிதர் சிலைகளை வைத்து வழிபடும் குகை வடிவச் சிற்றிடங்களும்) சிறு கோயில்களும் எழுந்து வருகின்றன. தலபுராணமோ பழமையோ இல்லாத ஓர் இடம் எப்படிப் புனிதமாகும்?
– வாசகி ஒருவர், தொண்டி

பதில்: தங்கள் ஊருக்கு அருகிலுள்ள நம்புதாளையிலிருந்தே இதற்கு விடை சொல்லத் தொடங்கலாம். அவ்வூரைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர்தாம், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கச்சத்தீவில் அந்தோணியார் கோயிலை எழுப்பினார் என்று சொல்லப்படுகிறது. குடியிருப்போ குடிநீரோ இல்லாத, 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவைத் தலமாக்கியது, மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் வலை உலர்த்தி ஓய்வெடுத்த இருகரைத் தமிழ் மீனவர்களும் ஆண்டுதோறும் ஒன்றுகூடிச் செபித்த வழக்கமே ஆகும். 1974 உடன்பாட்டின்படி தீவு இலங்கைக்குச் சென்ற பிறகும் இங்கிருந்து யாத்திரை செல்லும் உரிமை நீடித்தது. உள்நாட்டுப் போரின்போது பல ஆண்டுகள் தடைபட்டிருந்த திருவிழா, போர் முடிந்தபின் மீண்டும் கூடியது. கைதான மீனவர்களுக்கு இலங்கையில் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் கண்டித்து, 2024-இல் ராமேசுவரம் மீனவர்கள் அத்திருவிழாவையே புறக்கணித்தார்கள். மக்கள் தங்கள் மனவேதனையை உலகறியச் சொல்வதற்கு ஒரு திருவிழாவுக்குப் போகாமலிருப்பதே போதும் என்னும் அளவுக்கு அவ்விடம் அவர்கள் வாழ்வில் வேரூன்றிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதிய இடத்துக்குப் பழைய இடத்தின் தொடர்ச்சியை அளிக்கும் முறையும் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த குடும்பங்கள், குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து, குடியேறிய ஊரில் பீடம் அமைத்து வழிபடுகின்றன. 1693-இல் கிறித்தவ மறைப்பணியாளரான புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணை, அவர் குருதி தோய்ந்த மண்ணென்று நம்பும் அடியார்கள் இன்றும் பக்தியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

ஆகவே, கெபியின் வயதைக் காட்டிலும், அங்கே விளக்கேற்றுபவர் யார், கொடியேற்றத்துக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள் எவை, கடலுக்குப் போகுமுன் அங்கு நின்று கும்பிடுபவர் உண்டா என்பவற்றையே நான் பார்ப்பேன். புறம்போக்கு நிலத்தை வளைப்பதற்காக ஒரே இரவில் சிலை வைக்கும் செயலை இதனோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் இல்லை.

கேள்வி: அப்படியானால், அரசு கட்டிய கலாம் நினைவிடத்தை எந்த வகையில் சேர்ப்பது?
– வாசகர் ஒருவர், பாம்பன்

பதில்: ராமேசுவரம் தீவிலுள்ள பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட 2015 ஜூலை 30 அன்றே மக்கள் அங்கே திரளாகக் கூடிவிட்டார்கள், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எழுப்பிய மண்டபம் திறக்கப்பட்டது 2017 ஜூலை 27-இல்தான். அது வழிபாட்டுத் தலம் அன்று. எனினும், ராமநாதசுவாமியைத் தரிசிக்க வந்த வடநாட்டுக் குடும்பங்கள் ஓர் இசுலாமியரின் அடக்கத்தலத்தையும் தங்கள் யாத்திரையில் சேர்த்துக்கொள்வதை மதிப்புமிக்க மாற்றமாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான நிலை தனுஷ்கோடியில் உள்ளது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களின் முன் நாள்தோறும் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே புயலில் தப்பிய கோதண்டராமர் கோயிலிலோ பூசை தொடர்கிறது. பாழடைந்த தேவாலயம் காட்சிப்பொருளாகவே முடிந்துவிடக் கூடாது. புயலில் மாண்டவர்களுக்காக அங்கே ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் சமயத்தாரும் கூடுவதற்கு, அந்தக் கரையில் இன்னும் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களின் விருப்பத்தைக் கேட்டு, அவர்கள் தலைமையிலேயே ஏற்பாடு செய்யலாம். புதிய கட்டடம் எதுவும் அதற்குத் தேவையில்லை.