இங்கிலாந்தின் தென்கரைக் கடற்படைத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தின் கோட்டைகள்: கேள்வி பதில்

செல்வி: போர்ட்ஸ்மத் கோட்டையைக் கட்டிய மன்னர் யார்?

எந்தக் கோட்டை? இதை எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள்: நூற்றாண்டைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். துறைமுக வாயிலில் உள்ள வட்டக் கோபுரம் ஐந்தாம் ஹென்றி காலத்தில் தொடங்கியது. அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள கோஸ்போர்ட் வரை இரும்புச் சங்கிலியை இழுத்துக் கட்டிக் கப்பல்களை மறிப்பார்கள். சதுரக் கோபுரம் 1494, ஏழாம் ஹென்றி. சவுத்சீ கோட்டை 1544, எட்டாம் ஹென்றி. ஊர் மதில்களைத் திருத்திக் கட்டியவர் இரண்டாம் சார்லஸின் பொறியாளர் பெர்னார்ட் டி கோம்.

குமார்: மேரி ரோஸ் எப்போது மூழ்கியது?

எட்டாம் ஹென்றியின் அந்தப் போர்க்கப்பல் மூழ்கியது 1545 ஜூலை 19. மேலே எடுத்தது 1982.

ரவி: போர்ட்ஸ்டவுன் குன்றுக் கோட்டைகளில் பீரங்கிகள் கடலுக்கு முதுகு காட்டுகின்றனவே, திசை தெரியாமலா கட்டினார்கள்?

கட்டிய காலத்திலிருந்தே இந்தக் கேலி உண்டு. அப்போதைய பிரதமர் பாமர்ஸ்டனின் பைத்தியக்காரத்தனம் என்றே பெயர் வைத்தார்கள். வரைபடத்தைப் பாருங்கள். குன்று ஊருக்கு வடக்கே. கப்பல் கட்டும் தளம் அதன் காலடியில். 1859-இல் பிரான்ஸ் 'குளுவார்' என்ற இரும்புக் கவசக் கப்பலை மிதக்கவிட்டது. பீரங்கிகளின் வீச்சும் கூடிவிட்டது. எதிரி வேறெங்காவது கரையேறி, வடக்கிலிருந்து வந்து குன்றைப் பிடித்தால் தளம் சாம்பல். அதனால்தான் பீரங்கிகள் வடக்கைப் பார்க்கின்றன. கடலைக் கவனிக்க சோலண்ட் நீரிணைக்குள்ளேயே தனிக் கோட்டைகள் எழுந்தன.

ரவி: ஆனாலும் எந்தப் படையும் வரவில்லையே. அந்தப் பணத்தில் கப்பல் கட்டியிருக்கலாம்.

நிதியமைச்சர் கிளாட்ஸ்டனும் செலவைக் கடுமையாக எதிர்த்தார், பதவி விலகுவதாகவும் மிரட்டினார். கிளாட்ஸ்டனை இழந்தாலும் பரவாயில்லை, போர்ட்ஸ்மத்தையோ இன்னொரு கடற்படைத் துறைமுகமான பிளிமத்தையோ இழக்கக் கூடாது என்று பாமர்ஸ்டன் விக்டோரியா அரசியிடம் சொன்னார். வீண்செலவு என்று வாதாடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். 1870-இல் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் தோற்ற பிறகு அந்த அச்சத்துக்கே வேலையில்லை. திசை தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேவி: மேரி ரோஸ் மூழ்கிய ஆண்டு?

மேலே குமாருக்குச் சொன்னேன்.

நிரோஷன்: திருகோணமலை பெயரில் ஒரு கப்பல் அங்கே நின்றதாமே?

உண்மை. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817-இல் இறக்கிய போர்க்கப்பல். பிற்காலத்தில் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகப் போர்ட்ஸ்மத்தில் நெடுங்காலம் கிடந்தது. இப்போது பழைய பெயரோடு வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இருக்கிறது.

மாலா: லண்டனிலிருந்து எந்த ரயில்?

ரயில் நேரத்தை என்னிடம் கேட்காதீர்கள். போர்ட்ஸ்மத் ஹார்பர் நிலையத்தில் இறங்குங்கள், பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம்.